எதிரே லைட் அடித்தால் எங்கே பார்ப்பது? சின்னக் கார் ஓட்டுபவர்களுக்கு ஓர் இரவு வழிகாட்டி

ஒரத்தநாடு தாண்டிப் பட்டுக்கோட்டை போகும் சாலை. தை மாதம், இரவு எட்டரை மணி இருக்கும். நான் கார் பழகி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பழைய ஆல்டோ. எதிரே ஒரு பஸ் பிரைட் போட்டபடியே வந்தது. கண் முழுக்க வெள்ளை. பஸ் கடந்ததும் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் திடீரென்று ஒரு தார்ப்பாய்க் குவியல் தெரிந்தது. பகலில் சாலையில் காயப்போட்ட நெல்லை இரவுக்குக் குவித்து, மூடி, தார்ப்பாய் பறக்காமலிருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்திருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது பம்பருக்கும் முதல் கல்லுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

அன்று எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை, வண்டியிலும் கோளாறு இல்லை. பஸ் வெளிச்சத்தை நான் நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், அவ்வளவுதான். இந்த வருடம் தங்கை மகள் லைசென்ஸ் எடுத்தாள். அவளிடமும் ஒரு பழைய சின்னக் கார்தான் இருக்கிறது. போன வாரம் கூப்பிட்டு, "மாமா, எதிர்ல லைட் அடிச்சா நான் எங்க பாக்கணும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் கண்ணில் மட்டும் ஏன் இப்படி அடிக்கிறது?

ஆல்டோ 800-இன் மொத்த உயரம் 1475 மில்லிமீட்டர். ஃபார்ச்சூனர் 1835 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒன்றரைச் சாண் வித்தியாசம். சின்னக் காரில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.1 அல்லது 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். பெரிய எஸ்யூவியின் ஹெட்லைட் 90 சென்டிமீட்டருக்கு மேலேயே இருக்கும். ஆக, அவருடைய விளக்கும் உங்கள் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலப்பக்கம் அரை மீட்டர் ஒதுங்கி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவரை அந்த வெளிச்சம் கூசச் செய்யக் கூடாது. ஆனால் 1.5 மீட்டர் என்பது நிற்கும் ஆளின் கண். சின்னக் காரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கண் அதைவிட ஒன்றரைச் சாண் கீழே இருக்கிறது.

டிம் வெளிச்சம் பொதுவாக 1 சதவீதச் சரிவில் கீழே இறங்கும்படி வைக்கப்படுகிறது. அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் உயர விளக்கு 30 மீட்டர் தூரத்தில் 60 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். சமமான சாலையில், ஒழுங்காக வைத்த டிம் நம் கண்ணைத் தொடாது. ஆனால் பின்னால் பாரம் ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். பாலத்தின் ஏற்றத்தில் தூக்கும். பள்ளத்தில் குதித்தால் ஒரு கணம் பளிச்சென்று அடிக்கும். உயரமான வண்டிக்காரருக்கு இதைத் தாங்க ஒன்றரைச் சாண் இடம் இருக்கிறது, நமக்கு இல்லை. இது போக, பிரைட்டிலேயே ஊர் சுற்றுபவர்களும், ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்கில் எல்இடி பல்பைத் திணித்து நாலா பக்கமும் வெளிச்சத்தைச் சிதறவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இன்றிரவே நம்மால் திருத்த முடியாது.

கண்ணுக்குள் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பலமான வெளிச்சம் கண்ணுக்குள் நுழையும்போது அதில் கொஞ்சம் சிதறி, பார்வை முழுவதன் மேலும் ஒரு வெள்ளைத் திரை போலப் படர்கிறது. தரையில் கிடக்கும் மாடு அந்தத் திரைக்குப் பின்னால் மறைகிறது. அந்தத் திரை எவ்வளவு கனமாக விழும் என்பது நீங்கள் பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணத்தைப் பொறுத்தது. 1920-களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் ஆகியோர் அளந்து சொன்ன கணக்கின்படி, கோணம் இரண்டு மடங்கானால் திரையின் கனம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும். பார்வையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும், பெரிய வித்தியாசம். கடையில் விற்கும் எந்தப் பொருளும் இவ்வளவு உதவி செய்யாது.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் முன் கண்ணாடி. வெளிப்பக்கத்தை எல்லோரும் துடைப்பார்கள், உட்பக்கத்தை யாரும் நினைப்பதில்லை. வெயிலில் நின்ற காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய்ப் பசை ஆவியாகிக் கண்ணாடியின் உட்பக்கம் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் தெரியாது. ஒரு விரலால் தடவிப் பாருங்கள், விரல் போன கோடு தெரிந்தால் படலம் இருக்கிறது. இரவில் எதிர் விளக்கைச் சுற்றிப் பெரிய பனிவட்டம் போலத் தெரிவதில் பாதி இந்தப் படலத்தின் வேலைதான்.

துடைக்கிற முறை: நல்ல மைக்ரோஃபைபர் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கண்ணாடி கிளீனரில் நனைத்து உட்பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் மூலையில் கை போகாது, அங்கே துணியைப் புறங்கையால் அழுத்தித் தள்ளுங்கள். உலர்ந்த இரண்டாவது துணியால் குறுக்காக ஒருமுறை. அப்புறம் ராத்திரி தெருவிளக்கின் கீழே நிறுத்திப் பாருங்கள். கோடு தெரிந்தால் மறுபடியும் துடைக்க வேண்டும், முதல் தடவை எப்போதும் கோடு விழும். பழைய பனியன் துணி வேண்டாம், நூல் உதிரும். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷ் போடுவதையும் நிறுத்திவிடுங்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியில் எதிரொளிக்கும், அதன் எண்ணெய் மறுபடி கண்ணாடிக்கே போகும்.

வெளிப்பக்கத்தில் வைப்பர் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியாகிக் காய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். காய்ந்த ரப்பர் மண்ணை இழுத்து அரைவட்டமாகக் கீறல் போடும். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் இரவில் ஒளிக்கோடாக எரியும். கீறல் ஆழமானால் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். வைப்பருக்கு ஆகும் சில நூறு ரூபாயைப் பார்க்காதீர்கள்.

டேஷ்போர்டின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைத் துண்டு, டோல் ரசீது, பளபளக்கும் சில்வர் டப்பா எல்லாமே கண்ணாடியில் பிம்பமாக விழும். பிள்ளையார் சிலைக்குக் கீழே மினுக்கும் கலர் லைட் இருந்தால் பிள்ளையார் இருக்கட்டும், லைட்டை மட்டும் இரவில் அணைத்துவிடுங்கள். மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் இருந்தால் பாதிக்குக் கீழே வையுங்கள். வழி பார்க்கும் செல்போனை நைட் மோடில் போட்டு வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். காருக்குள் வெளிச்சம் குறையக் குறைய வெளியே இருப்பது நன்றாகத் தெரியும்.

அடுத்து சீட். உயரம் ஏற்றும் லீவர் இருந்தால் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு மூடிய கை நுழையும் அளவு விட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏறுவதால் எதிர் வெளிச்சத்திலிருந்து தப்பிவிட முடியாது. ஆனால் பானெட்டைத் தாண்டிச் சாலையின் இடது ஓரம் இன்னும் கிட்டத்தில் தெரியும், நமக்கு வேண்டியது அதுதான். லீவர் இல்லாத காரில் பலர் தடிமனான ஸ்பாஞ்ச் குஷன் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மோதலின்போது ஸ்பாஞ்ச் அமுங்கி, உடம்பு சீட் பெல்ட்டுக்குக் கீழே நழுவும். மெல்லிய, கெட்டியான குஷன் என்றால் சரி.

பிறகு உங்கள் சொந்த விளக்கு. எதிரே வருபவர் உங்களைப் பார்த்து பிரைட் அடிக்கிறார் என்றால் உங்கள் டிம்மே அவர் கண்ணில் அடிக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, நேராக நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். நம் ஊர் விளக்கில் வலப்பக்கம் விளிம்பு தட்டையாகவும் இடப்பக்கம் கொஞ்சம் மேலேறியும் இருக்கும். நடைபாதையும் மைல்கல்லும் தெரியட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். விளிம்பே இல்லாமல் குழம்பித் தெரிந்தால் பல்பு தவறாக மாட்டியிருக்கிறது, அல்லது அந்த விளக்குக்கு ஒத்துவராத பல்பு.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கிறதா? பலர் வண்டி விற்கிற வரை அதைத் தொடுவதே இல்லை. தனியாகப் போகும்போது 0. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் 2 அல்லது 3. எண் ஏற ஏற வெளிச்சம் கீழே இறங்கும்.

ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மஞ்சளாகி மங்கியிருந்தால் மெக்கானிக்கிடம் பாலிஷ் போடச் சொல்லுங்கள். எச்4 பல்பு என்றால் 60/55 வாட்தான் முறையானது. அதைவிட அதிக வாட் போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போடுபவர் என்றால் எதிரொளிப்பைக் குறைக்கும் ஆன்டி ரிஃப்ளெக்டிவ் பூச்சு உள்ள லென்ஸ் வாங்குங்கள், கீறல் விழுந்த லென்ஸை மாற்றிவிடுங்கள். ஆன்லைனில் விற்கும் மஞ்சள் "நைட் டிரைவிங்" கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அதைப் போட்டதால் சாலையில் நடப்பவரைக் கண்டுபிடிப்பது கொஞ்சமும் எளிதாகவில்லை என்று 2019-இல் அமெரிக்காவில் சிமுலேட்டர் வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. மஞ்சளாகத் தெரிவது தெளிவாகத் தெரிவது போல ஓர் எண்ணத்தைத் தரும். உண்மையில் கண்ணுக்கு வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்கிறது. முன் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதும் அதே தவறுதான். சட்டப்படி முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும்.

முன் கண்ணாடி சுத்தமாக இருந்தும் எல்லா விளக்கைச் சுற்றியும் வட்டம் தெரிகிறதா? முன்பெல்லாம் இல்லாத கூச்சம் இந்த வருடம் வந்திருக்கிறதா? கண் மருத்துவரைப் பாருங்கள். புரை விழத் தொடங்கும்போது இரவு வெளிச்சத்தில்தான் முதலில் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை தவறாமல் பார்க்க வேண்டும். தென் மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் சின்ன ஊர்களிலும் இருக்கின்றன, தூரம் என்று தள்ளிப்போடத் தேவையில்லை.

சாலையில்: வெளிச்சம் வருவதற்கு முன்பே

இனி விஷயத்துக்கு வருகிறேன். நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையை ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு நிமிடத்துக்கு நாலைந்து வண்டி எதிரே வரும்.

எதிர் வண்டி தெரிவதற்கு முன்னால் அதன் வெளிச்சம் தெரிந்துவிடும். வளைவுக்கு அப்பால் மரக்கிளை வெளுக்கும், மின்கம்பி பளபளக்கும். அந்தக் கணத்தில் வேலை தொடங்குகிறது. நீங்கள் முதலில் டிம் செய்யுங்கள். அவர் செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல நேரம் நாம் இறக்கினால் அவரும் இறக்குவார்.

டிம் போட்ட கையோடு, உங்கள் பக்கத்துச் சாலையை ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் சைக்கிள் போகிறதா? டிராக்டர் நிற்கிறதா? மாடு படுத்திருக்கிறதா? தாரின் ஓரம் எங்கே முடிகிறது, மண் ஓரம் இறக்கமா சமமா? இன்னும் மூன்று நான்கு விநாடியில் உங்களுக்கு எதுவும் தெரியாமல் போகப் போகிறது. அதற்குள் போட்டோ எடுத்தது போல மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று ஒரத்தநாட்டில் நான் செய்யத் தவறியது இதைத்தான். பஸ் தூரத்தில் வரும்போது அந்தத் தார்ப்பாய் என் வெளிச்சத்தின் நுனியில் மங்கலாக இருந்திருக்க வேண்டும். நான் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். இதுவும் வெளிச்சம் கண்ணில் அடிப்பதற்கு முன்பே. கூசிய பிறகு பதறி பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் இடிப்பார், அவருக்கும் அதே வெளிச்சம் அடிக்கிறது.

எவ்வளவு வேகம்? சின்னக் காரின் டிம் தெளிவாகக் காட்டுவது சுமார் 40, 50 மீட்டர்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் போகிறீர்கள். பார்த்து, உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே 25 மீட்டர் ஓடிவிடும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றாலும் நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக, 60-இலேயே உங்கள் வெளிச்சமும் நிறுத்தும் தூரமும் சரிக்குச் சரி. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்று சாலை வடிவமைப்புக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்கு வைத்திருக்கிறது. டிம்மில் அவ்வளவு தூரம் தெரியாது. அதனால் இருவழிச் சாலையில் வண்டிகள் எதிரெதிரே கடக்கும் நேரத்தில் 50-க்குக் கீழே இருங்கள் என்பதே புதிதாக ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது. பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

கண் எங்கே?

வெளிச்சம் நெருங்கும்போது பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். காலடியில் உள்ள கோட்டைப் பார்க்கக் கூடாது. 20, 30 மீட்டர் முன்னால் பாருங்கள். கோடு அழிந்த சாலையா? தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் தெரியவில்லையென்றால் மரம். பழைய சாலைகளின் புளிய மரங்களில் நெடுஞ்சாலைத் துறையினர் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பூசியிருப்பார்கள். அந்த வெள்ளைப் பட்டைகள் வரிசையாக எந்தப் பக்கம் வளைகின்றனவோ சாலையும் அந்தப் பக்கம்தான் வளைகிறது.

தலையைத் திருப்ப வேண்டாம், கண்ணை நகர்த்தினால் போதும். எதிர் வண்டியை ஓரக்கண் கவனித்துக்கொள்ளும், அது நடுக்கோட்டைத் தாண்டி வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். புதியவர்களுக்கு இதில்தான் பயம். பார்க்காவிட்டால் மோதிவிடுமோ என்று வெளிச்சத்தையே வெறிப்பார்கள். கண் போகும் பக்கம் கையும் போகும். வெளிச்சத்தையே பார்த்தால் ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம், அந்த வண்டியை நோக்கியே சாயும். இடது கோட்டைப் பார்த்தால் வண்டி உங்கள் பாதையிலேயே நிற்கும். அதற்காக ஓரத்தில் ஒட்டிவிடவும் கூடாது. பாதையின் நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் போதும். சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் அந்த ஓரத்தில்தான் இருப்பார்கள்.

வலக்கண்ணை மூடிக்கொண்டு, வண்டி கடந்ததும் திறக்கும் பழக்கம் சில பழைய லாரி ஓட்டுநர்களிடம் உண்டு. மூடிய கண் இருட்டுப் பழக்கத்தை இழக்காது என்பது உண்மைதான். ஆனால் எதிரே வண்டி வரும் அதே பக்கத்துப் பார்வையை அப்போது இழக்கிறீர்கள், தூரம் கணிப்பதும் தடுமாறும். புதியவர்கள் செய்ய வேண்டாம்.

எதிரே வருபவர் பிரைட்டை இறக்கவே இல்லையென்றால் ஒரே ஒருமுறை டிப் அடித்துக் கேளுங்கள். லாரிகளின் பின்னால் "யூஸ் டிப்பர் அட் நைட்" என்று எழுதியிருப்பது இதற்குத்தான். கேட்டும் இறக்கவில்லையா, விட்டுவிடுங்கள். கோபத்தில் நீங்களும் பிரைட் போட்டால் இரண்டு குருடர்கள் எதிரெதிரே 60 வேகத்தில் வருவார்கள். இன்னொன்று: நம் சாலைகளில் எதிரே வருபவர் லைட் அடித்தால் "நீ வா" என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்" என்றுதான் அர்த்தம். முந்திக்கொண்டு அவர் உங்கள் பாதைக்கே வரலாம்.

கடந்த பிறகு வரும் இருட்டு

ஆபத்து முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும் இடம் இது. வண்டி கடந்ததும் ஒரு நிம்மதி வரும், கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். ஆனால் கண் இன்னும் திரும்பவில்லை. கூசிய கண் ஓரளவு தெளிய சில விநாடிகள் ஆகும், வயது ஏற ஏற இன்னும் அதிகம். 60 வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர், இருட்டுக்குள். சாலையைக் கடக்கக் காத்திருந்தவர் அந்த வண்டி போனதும் இறங்குவது இந்த 50 மீட்டரில்தான். டெயில் லைட் இல்லாத கரும்பு டிராக்டரும், வைக்கோல் பாரமும், கறுப்பு எருமையும் இங்கேதான்.

இடது கோடு நன்றாகத் தெரிகிற வரைக்கும் கால் ஆக்சிலரேட்டருக்குப் போகக் கூடாது. தெரிந்ததும் பிரைட் போட்டு ஒருமுறை பாருங்கள், எதிரே யாரும் இல்லையென்றால். அப்புறம் வேகம் கூட்டலாம்.

இதற்கு ஒரு சுலப வழி உண்டு. உங்கள் வேகத்திலேயே போகும் ஒரு பஸ்ஸோ லாரியோ முன்னால் கிடைத்தால் அதன் பின்னாலேயே போங்கள். எதிர் வெளிச்சத்தை அதன் உடம்பு பெருமளவு மறைக்கும். அதன் டெயில் லைட் சாலை வளைவதைச் சொல்லும், பள்ளம் இருந்தால் அது ஆடுவதிலேயே தெரியும். ஆனால் மூன்று நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். அது தாண்டிய மைல்கல்லை நீங்கள் தாண்ட "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணும் நேரம் ஆக வேண்டும். தாழ்ந்த காரிலிருந்து பஸ்ஸுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சமும் தெரியாது, ஒட்டிக்கொண்டு போனால் அது வைக்கும் பிரேக்தான் முதல் தகவல். உங்கள் டிம்மும் அவர் மிரரில் அடிக்கும்.

பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம்

உயரமான வண்டி பின்னால் ஒட்டி வந்தால் அதன் டிம்மே நம் மூன்று மிரரிலும் நிரம்பும். உள் மிரரின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை விரலால் தள்ளுங்கள். அந்த மிரர் ஆப்பு போல ஒரு பக்கம் தடித்த கண்ணாடி. தள்ளியதும் பின்புற வெள்ளிப் பூச்சின் பிம்பம் கூரைக்குப் போய்விடும், முன்பரப்பிலிருந்து வரும் 4 சதவீத அளவு வெளிச்சம் மட்டும் உங்கள் கண்ணுக்கு வரும். வண்டி இருப்பது தெரியும், கூசாது. பகல் நிலையில் மிரரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் தள்ளுவதுதான் முறை. விடிந்ததும் பழையபடி இழுத்துவிட மறக்காதீர்கள், இரவு நிலையில் பின் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம்.

கதவு மிரர்களை இரவில் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் நேர் பின்னால் வரும் வெளிச்சம் கண்ணுக்கு வராது. அதிகமாகத் தொந்தரவு செய்தால் இடது இண்டிகேட்டர் போட்டு, வேகம் குறைத்து, அவரைப் போகவிடுங்கள்.

நாலு வழிச் சாலையும் மழையும்

நடுத்திட்டு உள்ள நெடுஞ்சாலை எளிது. திட்டில் அரளியும் காகிதப்பூவும் வைத்திருப்பது அழகுக்கு மட்டுமில்லை, எதிர் வெளிச்சத்தை மறைக்கவும்தான். செடி காய்ந்துபோன இடத்திலும், திரும்பும் இடைவெளியிலும் வெளிச்சம் பளிச்சென்று வெட்டும், அங்கே பார்வையை இடப்பக்கம் வைத்திருங்கள். இடது லேனில் போனால் கூச்சம் குறையும். ஆனால் விளக்கில்லாமல் நிறுத்திய லாரியும், எதிர்த்திசையில் வரும் டூவீலரும் அதே இடது லேனில்தான். எனவே இடது லேன், மிதமான வேகம், எதிரே அருகில் யாரும் இல்லாதபோது பிரைட்.

மழை இரவில் நனைந்த தார் கண்ணாடி போல மின்னும், ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரியும், வெள்ளைக் கோடு மறைந்துபோகும். புதியவர்கள் மழை இரவில் இருவழிச் சாலைக்குப் போகவே வேண்டாம் என்பேன். வழியில் பிடித்துக்கொண்டால் பெட்ரோல் பங்கிலோ டீக்கடை முன்போ நிறுத்திக்கொள்ளுங்கள். சாலையோரத்து மண்ணில் நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதும் ஒரு விஷயம்: கடையின் ட்யூப்லைட்டிலிருந்து வந்ததும் கண் இருட்டுக்குப் பழக ஐந்து, பத்து நிமிடம் ஆகும், முழுசாகப் பழக அரை மணி நேரம். முதல் சில கிலோமீட்டரை மெதுவாகவே ஓட்டுங்கள்.

பழகுவது எப்படி?

தங்கை மகளுக்கு நான் சொன்ன திட்டம் இது. பகலில் நன்றாகத் தெரிந்த பத்துக் கிலோமீட்டர் சாலை ஒன்றை எடுத்துக்கொள். முதல் நாள் மாலை ஆறு மணிக்குக் கிளம்பி, இருட்டும்போது அந்தச் சாலையில் இரு. வெளிச்சம் குறைவதும் விளக்குகள் எரியத் தொடங்குவதும் கண் முன்னாலேயே நடக்கும், திடீரென்று வராது. பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருக்கட்டும். எதிரே வண்டி வரும் ஒவ்வொரு முறையும் நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "டிம். ஓரம் காலி. கால் எடுத்தாச்சு. கோடு." வண்டி கடந்ததும் கோடு தெரியும்போது "தெரியுது" என்று சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். உன் கண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது அப்போது உனக்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் ஏழரைக்குக் கிளம்பு. மூன்றாம் நாள் அதே சாலை, அதே நேரம், பின் சீட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, விளக்கு உருளையை 0-வில் வைத்து ஒரு தடவையும் 2-இல் வைத்து ஒரு தடவையும் ஓட்டிப் பார். எதிரே வருபவர்கள் எந்தத் தடவை அதிகமாக டிப் அடிக்கிறார்கள் என்று எண்ணு.

நேற்று ராத்திரி கூப்பிட்டாள். முதல் நாள் முடிந்திருக்கிறது. "அஞ்சு செகண்ட் ஆகுது மாமா" என்றாள். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். 23 வயதுக்கு ஐந்து அதிகம். முன் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்தாயா என்று கேட்டேன். இல்லையாம். இன்று துடைத்துவிட்டு மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் ஐந்தே வந்தால் சனிக்கிழமை கண் மருத்துவரிடம் போகிறோம்.